நான்காம் கேமரா

கல்லாவுக்கு நேர் மேலே இருக்கிறது நான்காம் கேமரா.
மானிட்டரின் வலது கீழ்க் கட்டத்தில்
பதினோரு மணி நேரம்
என் உச்சந்தலை ஓடுகிறது.

வீட்டுக் கண்ணாடி சொல்லாததை அதுதான் சொன்னது.
வகிடு,
சித்திரையில் பாலத்து மேலிருந்து பார்த்த கெடிலம்.
மணல் அகலம். தண்ணீர் நூல்.

கரிசலாங்கண்ணி செம்மண்டலத்து வாய்க்கால் ஓரம்
சும்மாவே கிடைக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை குனிந்து பறிக்கையில்
"கீரையாக்கா?" என்று கேட்டுப் போனது ஒரு சைக்கிள்.
ஆமாம் என்றேன்.
எண்ணெயில் அது பொரிந்து அடங்கும்வரை
இரும்புச் சட்டி முன்னால்
வேண்டுதல் போல நின்றேன்.

எதிர்வீட்டுக்காரர் செம்பருத்தியைச்
சாமிக்கென்று நினைத்துத் தருகிறார்.
நான் திருத்தவில்லை.
சின்ன வெங்காயச் சாறு ஒரே ஒரு வாரம்.
முகூர்த்தப் பட்டுக்கு பில் போடுகையில்
மணப்பெண் மூக்கைச் சுளித்து
பக்கத்தில ஓட்டலா என்றாள்.

நொச்சிக்காட்டு வெட்டிவேர்,
உழவர் சந்தைக் கற்றாழை,
புதுச்சேரி போன தெய்வசிகாமணி வாங்கிவந்த
ரோஸ்மேரி எண்ணெய்;
புட்டி விரலளவு, விலை முழத்தளவு.
அவன் ஆண்கள் பிரிவு.
நெற்றி இரண்டு பக்கமும் ஏறிப்போய்
நடுவில் ஒரு தீவு மிச்சம்.
சாப்பாட்டு நேரத்தில் பூசணி விதையை
ஆளுக்குப் பாதியாகக் கொறிக்கிறோம்.
"கொட்றது கொஞ்சம் நின்ன மாதிரி இருக்குக்கா."
"எனக்கும்தான்."
பொய்க்கும் ஒரு பங்காளி வேண்டியிருக்கிறது.

ஜிப்மரில் அந்தப் பெண் டாக்டர்
சின்ன லென்ஸை என் வகிட்டில் நகர்த்தியபடி சொன்னார்:
வேர் சாகலம்மா, இளைக்குது.
ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெலிசா முளைக்கும்.
அப்போ இந்த இலை, எண்ணெய்?
"தேச்சுக்கங்க. அதை மட்டுமே நம்பி இருந்துடாதீங்க."
எழுதித் தந்த சீட்டு
ஆறு மாதமாய் பீரோவில்,
ரேஷன் கார்டுக்கு அடியில்.

நேற்று கணக்கில் நாலாயிரம் குறைந்தது.
மேனேஜர் நெய்னா முகம்மது
நான்காம் கேமராவைப் பின்னோக்கி ஓட்டினார்.
ஏழு பேர் நின்றார்கள்.
என் தலை பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுக்க.
நாலாயிரம் எனக்கு மறந்தே போயிற்று.
டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த வெள்ளைக் கோடு,
அதை முந்தானையால் மூடலாமா என்று
திரையைப் பார்த்து என் கை எழுந்தது.

ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.
ஏழு பேரும் என் விரல்களையே பார்த்தார்கள்.
நாலு இருபத்தாறுக்கு
எட்டு நோட்டு பில் புத்தகத்துக்கடியில் நழுவியது.
அட, என்றார்கள். கலைந்தார்கள்.
தெய்வசிகாமணி மட்டும் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மேனேஜர் படத்தை நிறுத்தினார்.
"நகமெல்லாம் என்னம்மா கறுப்பு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
ஸ்டாக் கேட்கிற குரலில்,
"அடுத்த தடவை காய்ச்சினா
எனக்கும் ஒரு புட்டி."

இன்று காலை குளியலறைச் சல்லடையில்
உதிர்ந்த முடிச்சுருளுக்குள்,
அரைபடாமல் தப்பிய வெந்தயம் ஒன்று
முளைத்திருந்தது.
இரண்டே இலை. வெளிர்ப் பச்சை.
என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு
நிமிர்ந்து நின்றது.

பிடுங்கவில்லை.
தண்ணீரைச் சற்றுத் தள்ளி ஊற்றிக்கொண்டேன்.