விளக்கம் சொல்ல ஆட்கள்

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திமூன்று டிகிரி.
இமாத்ராவில், பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காபிக்கடை.
ஏழு கிலோமீட்டர் நடந்தால் அடுத்த நாடு.
நடக்க விடமாட்டார்கள், அது வேறு கதை.
கல்லாவில் நான்.

நேற்றிரவு டிவி விவாதத்தில்
வேட்பாளர் ஹார்யுலா
'நம் வீபுரி' என்று சொல்லிவிட்டார்.
போரில் கைவிட்டுப் போன நகரம்.
எண்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம்.
'அண்டை நகரம் வீபுரி' என்று சொல்ல வந்தாராம்;
காலையிலேயே அவருடைய ஆட்கள் விளக்கிவிட்டார்கள்.
போன வாரம் பால்டிக்கைப் பால்கன் என்றார்.
அதற்கும் ஒரு விளக்கம் வந்தது.

பனி வாரும் வண்டி ஓட்டுகிற என்ஸியோ
தொப்பியைக் கழற்றாமலே ஆரம்பிக்கிறான்:
நாக்குக்கு ஏது எலும்பு?
அடி சறுக்காத ஆள் இந்த ஊரில் யார்?
முப்பது வருடமாகப் பெண்டாட்டியை
நாயின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
நாய் மூன்று மாறிவிட்டது.
அவள் இன்னும் இருக்கிறாள்.

ஸிர்க்கா சிரிக்கவில்லை.
சுங்கச்சாவடியில் இருபத்தாறு வருடம் முத்திரை குத்தியவள்,
எல்லையை மூடியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள்.
ஒரே ஒரு தடவை தேதியை மாற்றிக் குத்தினேன், என்றாள்.
மீன் லாரி இரண்டு நாள் நின்றது.
ஜூலை மாதம்.
மீன் என் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை.

காகித ஆலை ரௌனோ
செய்தித்தாளை நாலாய் மடித்துத்
தட்டுக்கு அடியில் செருகினான்.
உளறினதை விடுங்கப்பா.
உளறாமல் சொன்னதைக் கேட்டீர்களா யாராவது?
'முதலில் வேலியை உயர்த்துவேன்,
பேச்சு அப்புறம்.'
ஒரு எழுத்து தடுமாறவில்லை,
மூச்சுகூட வாங்கவில்லை.
அதனால்தான் உங்கள் காதில் விழவில்லை.

யாரும் பதில் சொல்லவில்லை.
காபி இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் இரைந்தது.

அப்போதுதான் உள்ளே வந்தான்
எல்லைக் காவலன் காஸ்பெரி,
புருவத்தில் உறைபனியோடு.
நீயே சொல்லு, என்றான் என்ஸியோ.
இந்தச் சட்டைக்குள் இருக்கும்வரை
எனக்குக் கருத்து கிடையாது, என்றான் அவன்.
நின்றபடியே குடித்தான்.
சில்லறையைக் கையில் எண்ணிக்கொண்டே,
யாரிடம் என்றில்லாமல்:
நேற்றிரவிலிருந்து ஆளுக்கு மூன்று மணிநேரம் கூடுதல்.
உத்தரவென்று எதுவும் இல்லை,
மேலே யாருக்கோ பயம் வந்திருக்கிறது.
மகளுக்கு முதல் பல் விழுந்ததை
போனில்தான் பார்த்தேன்.

கதவு மூடிய பிறகும்
குளிர் கொஞ்சம் உள்ளேயே நின்றது.

என் வீட்டிலும் அந்தச் சொல் உண்டு.
அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே
'நம் வீபுரி' என்பார்;
ரொட்டி ரொட்டியாகவே இருக்கும்,
ஒரு சிப்பாயும் தூக்கம் கலைந்து எழுந்ததில்லை.
அதே சொல்தான்.
அவர் முன்னால் மைக் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில்,
மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நான்.
இங்கே வாக்கு என்பது
ஒரு வட்டத்துக்குள் கையால் எழுதும் ஓர் எண்.
நான்கு, ஒன்பதுபோல் தெரிந்தால் செல்லாது.
என்ன எழுத வந்தேன் என்று
காலையில் விளக்கம் சொல்ல
எனக்கு ஆட்கள் இல்லை.

பென்சில் முனை மொண்ணை.
கையுறையைக் கழற்றினேன்.
விரலுக்கு உணர்வு வரட்டும் என்று
ஊதிக்கொண்டு நிற்கிறேன்;
வரிசையில் என்ஸியோ இருமுகிறான்.
இருமட்டும்.
அவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் வாக்கு.
எனக்கு ஆறு வருடத்துக்கு
இது ஒன்று.