அறுபது நிமிடக் கசட்

தலவாக்கலையில், கோழிக்கடைக்கும் அடகுக்கடைக்கும் இடையில்
என் ரெக்கோடிங் பார்.
இரண்டு டெக், ஒரு மைக், மழைக்கு ஊறும் சுவர்.
கலியாண வாழ்த்து, கோயில் அறிவித்தல், கட்சிக்காரன் பேச்சு,
எல்லாவற்றையும் கடனுக்குத்தான் பதிந்தேன்.
காசை முதலில் மேசையில் வைத்தவள் செவனம்மா.
கொழுந்துக் கறை ஏறிய விரலால் நோட்டை நீவிவிட்டு
"பாட்டு நீளம். பாதியில நிப்பாட்டிறாதீங்க" என்றாள்.

கூடவே குசுமாவதி. ஆற்றுக்கு அப்பால் லீக்ஸ் போடுகிறவள்.
அவளுடைய தமிழ் சந்தைக்குப் போதுமான தமிழ்.
மகன் ஆமியில், முகமாலைப் பக்கம்.
செவனம்மாவின் அக்காவோ
எழுபத்தேழில் லயம் எரிந்தபோது வன்னிக்கு லொறி ஏறியவள்.
அவள் பெற்ற லோகுவை, டியூஷன் விட்டு வரும் வழியில்
இயக்கம் ஏற்றிக்கொண்டு போனது.

மைக்கை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமினாள்.

    படலகூட இல்லாத வீட்டுக்குத்தான்
    பட்டியலு வந்துச்சு சாமி
    கேட்டு வச்ச வீட்டுப் புள்ள
    பிளேனு ஏறிப் போயிருச்சு
    எங்க பேரச் சரியா எழுதத் தெரியாதவன்
    புள்ளைய மட்டும் எண்ணிட்டானே

'எண்ணிட்டானே' வரும் இடமெல்லாம்
குசுமாவதி லீக்ஸ் பெட்டியில் தட்டிக்கொண்டு சேர்ந்தாள்,
எப்போதும் ஒரு தட்டுப் பிந்தி.

நாலாவது சுற்றில் செவனம்மா நின்றாள்.
"ஒம் மகனுக்குச் சம்பளம் வருது" என்றாள், ராகமில்லாமல்.
"ஒங்கூரைக்குத் தகரம் வந்துச்சு.
எங்க லோகு தப்பி ஓடி வந்தப்ப
மொட்டை அடிச்சுத் திரும்பக் கொண்டு போனாங்க."
குசுமாவதிக்கு எவ்வளவு விளங்கியதோ.
பெட்டியின் மேல் கை அப்படியே இருந்தது.
"தகரம் வந்தது" என்றாள். "மகன் லீவு வரல்ல."
டெக்கை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.
கொஞ்ச நேரம் மழைதான் பதிந்தது.
பிறகு யார் தொடங்கினார்களோ, பாட்டு திரும்பி வந்தது.

பதினொரு கொப்பி விற்றேன்.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் பாடினார்களாம்,
தராசு முள் நின்ற பிறகும்.
சம்பளப் பாட்டு என்று நினைத்தாராம் கணக்கப்பிள்ளை.

பொலிஸ் அப்படி நினைக்கவில்லை.
"பட்டியல் என்றால் என்ன?"
"செக்ரோல், சேர்."
"எண்ணுவது?"
"கொழுந்துக் கூடை, சேர்."
சார்ஜன்ட் சிரித்தார். அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது
என் பேரைப் பிழையாக வாசித்தார். நான் திருத்தவில்லை.
அன்றிரவே கதவைச் சாத்திக்கொண்டு
தேர்த்திருவிழா அறிவித்தலை அதன்மேல் ஏற்றினேன்.
கை நடுங்கியது என்று எழுத ஆசை.
நடுங்கவில்லை.

டவுனில் பட்டாசு வெடித்த மே மாதம் கடையைப் பூட்டிக் கிடந்தேன்.
ஆடியில் அவள் வந்தாள், தனியாக.
எந்த முகாம் பட்டியலிலும் லோகுவின் பேர் இல்லை.
குசுமாவதியின் மகனைக் கேட்டேன்.
"பெட்டி வந்துச்சு. தொறக்கக் கூடாதாம்."
பிறகு, "அந்தப் பாட்டப் போடுங்க" என்றாள்.

சொல்லத் தைரியமில்லாமல் போட்டேன்.
தேர் புறப்படும் நேரம், அன்னதானம், உபயகாரர் பேர்கள்,
செருப்பைக் கழற்றி வைக்கும் இடம்.
இருபத்தொன்பது நிமிடம். அவள் எழுந்திருக்கவில்லை,
என்னைப் பார்க்கவுமில்லை.
அறிவித்தல் தீர்ந்தது. வெறும் இரைச்சல்.
அதற்கும் பின்னால், நான் அழிக்க மறந்த மிச்சம்:
மழை. பெட்டியில் ஒரு தட்டு.
பிந்தி வரும் அந்தக் குரல், "எண்ணிட்டானே."
நாடா முடிந்து பொத்தான் எகிறியது.

"இது போதும்" என்றாள். "ஒரு கொப்பி எவ்வளவு?"
கேட்கும்போதே காசு மேசையில் இருந்தது.
எண்ணாமல் எடுத்துக்கொண்டேன்.