சேமிக்கும் முன்

மோந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றுக் காற்று ராத்திரி முழுக்க ஜன்னலை உலுக்கும்.
பேருக்குத்தான் ஆறு;
எங்கள் மாடியிலிருந்து மறுகரை தெரிந்ததில்லை.

அன்றுவரை எங்கள் எடிட்டரில்
கதவு உண்டு, ஆணி இல்லை.
வருவார்கள், எழுதுவார்கள், சேமிப்பார்கள், போவார்கள்.
பைசாந்துவின் கால்பந்து கிளப்
கோல் கணக்குக்குப் பெட்டி கேட்டது:
சுவரை இடித்தோம்.
கால்நடை மருத்துவர் தடுப்பூசி அட்டவணை கேட்டார்:
அதே சுவர், இன்னொரு பக்கம்.
"அறை கட்டிக் கட்டியே மாள்வோம்" என்றான் வாசிங்தோன்.
இந்த ஊரில் அது சாதாரணப் பெயர்,
அவன் தெருவிலேயே மூன்று பேர்.
மாத்தே குவளையை என் பக்கம் தள்ளினான்.
"கொக்கி அடிப்போம். மாட்டுகிறவர் மாட்டட்டும்."

கொக்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
ஓடுகிற நிரலின் நடுவே ஒரு வரி நின்று
யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும்.
இருந்தால் வரிசைப்படி கூப்பிடும்.
இல்லாவிட்டால் மேலே ஓடும்.
நிலைமொழிக்கும் வருமொழிக்கும் நடுவே
ஒரு க், ஒரு ச் வந்து உட்காருமே,
அந்த இடம்.
வந்தால் அழுத்தம்,
வராவிட்டால் வெறும் இடைவெளி.

திறந்த பின் ஒன்று.
தட்டும்போது ஒன்று.
படம் ஒட்டும் முன் ஒன்று.
கடைசியாக, விடியற்காலை மூன்று மணிக்கு,
சேமிக்கும் முன்.
அதன் பெயரை மட்டும் தப்பாக எழுதினேன்.
'குவார்தார்' என்ற சொல்லில்
இரண்டு உயிரெழுத்து இடம் மாறிப் போனது.
கம்பைலர் கண்டுகொள்ளவில்லை.
அதற்கு ஸ்பானிஷ் தெரியாது.

ஏழு மாதம் வெறும் ஆணிகள்.

பிறகு ஸுல்மா இருரேதா எழுதினாள்,
முப்பத்துமூன்றிலிருந்து.
ஆம், ஊரின் பெயரே அந்த எண்தான்.
அங்கே இரங்கல் பக்கம் நடத்துகிறாள்.
ஒருமுறை உயிரோடிருந்த ரொட்டிக்கடைக்காரரைச்
சாகடித்துவிட்டாள்;
அவரே போன் செய்து
வயதும் தப்பு என்றாராம்.
அதனால் என் கொக்கியில்
பத்து நிமிடத்தை மாட்டியிருக்கிறாள்.
இனி ஒவ்வொரு சாவும் பத்து நிமிடம் காத்திருக்கும்.

எனக்குத் தோன்றியதே இல்லை.
சேமிப்பு என்றால் எனக்கு வேகம்.
முந்நூறு மில்லிசெகண்டைக் குறைத்த அன்று
கேக் வெட்டியவள் நான்.

மார்ச்சில் என் பிழை என் கண்ணில் பட்டது.
கூச்சம்.
யாரிடமும் சொல்லாமல்
இரண்டு எழுத்தையும் அதனதன் இடத்தில் உட்கார்த்தினேன்.
சோதனைகள் எல்லாம் பச்சை.

நான்கு மணிக்கு ஸுல்மாவின் போன். கத்தவில்லை.
"இன்றைக்கு அவர் காத்திருக்கவில்லை" என்றாள்.
யார் என்றேன்.
"ஹெர்மெனெகில்தோ. மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.
வீட்டில் உட்காரவைத்துச் சொல்வதாக இருந்தார்கள்.
வழியிலேயே படித்துவிட்டாள்."

பட்டியலைத் திறந்தேன்.
பிழையான பெயரில் இருநூற்றுப் பதினான்கு தளங்கள்
எதையெதையோ தொங்கவிட்டிருந்தன.
சரியான பெயரில் ஒருவரும் இல்லை.
அது காலையில்தானே பிறந்தது.

பிழையைத் திரும்ப வைத்தேன்.
வாசிங்தோன் திரையைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை,
வெந்நீர் ஊற்றினான்.

வரிக்கு மேலே குறிப்பு எழுதினேன்:
எழுத்துப்பிழைதான். திருத்தாதே.
காரணமும் எழுத உட்கார்ந்தேன்.
பஸ்ஸை எழுதி அழித்தேன்.
பத்து நிமிடத்தை எழுதி அழித்தேன்.
கடைசியில் ஊரை மட்டும் விட்டுவைத்தேன்,
எண்ணாக.

புதிதாகச் சேர்ந்த ஃபாகுந்தோ
நேற்று நாற்காலியைத் திருப்பிக் கேட்டான்:
"இந்த 33, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி?"