வழி கேட்டவள்

நான்சாங் நிலையத்தில் இறங்கியதும்
நால்வரில் மூவர் அந்நியரானோம்.
உஷியா மட்டும் கூட்டத்தில் கரைந்துபோனாள்.
ஃபெரோலில் இது தலைகீழ்.
ரொட்டிக்கடையில், நீச்சல் குளத்தில்,
வகுப்புப் புகைப்படத்தின் மூன்றாம் வரிசையில்
அவளைக் கண்டுபிடிக்க யாருக்கும் ஒரு நொடி போதும்.
இங்கே அப்பா
அவளுடைய மஞ்சள் பையைத் தேடித் தேடி நடந்தார்,
முகத்தைத் தேடவில்லை.
அவருக்கே அது தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.
பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள்.

எனக்குப் பத்து வயது. அவளுக்குப் பதின்மூன்று,
அதுவும் ஒரு மருத்துவரின் உத்தேசம்தான்.
"தொப்புள் காயவில்லை, மூன்று நாள் இருக்கலாம்"
என்று கோப்பில் ஒரு வரி.
அதிலிருந்து பின்னோக்கி எண்ணி
ஒரு பிறந்தநாள் போட்டிருந்தார்கள்.
வருடாவருடம் நாங்கள் கேக் வெட்டியது
அந்தக் கழித்தல் கணக்குக்கு.

இன்னொரு வரி: "வெப்பமானித் தொழிற்சாலை, வடக்கு வாசல்."
தொழிற்சாலை இல்லை. வாசலும் இல்லை.
வழிகாட்டி தாவ் அம்மையார் குடையை மடக்கி
வாகன நிறுத்தத்தின் ஒரு தூணைத் தட்டினார்.
"ஏறக்குறைய இங்கே."
அம்மா காகிதக் கைக்குட்டைகளை
ஊரிலிருந்தே தயாராகக் கொண்டு வந்திருந்தாள்.
உஷியா தூணைப் பார்த்தாள்.
பதினேழு என்று எழுதியிருந்தது.
"சரி" என்றாள்.
"பசிக்குது."

அழுதது நான்தான்,
மிளகாய் பிசறிய அரிசி நூடுல்ஸ் தின்று.
"தம்பிக்கு அக்காமேல் எவ்வளவு பாசம்!" என்று
தாவ் அம்மையார் என் தலையைத் தடவினார்.
நான் திருத்தவில்லை.

அப்போதுதான் கடைவாசலில் அந்தப் பெண்
ஸ்கூட்டரை நிறுத்தினாள்.
பின்னால் கயிற்றில் கட்டிய மின்விசிறிப் பெட்டி.
தாவ் அம்மையார் உள்ளே பில் கட்டிக்கொண்டிருந்தார்.
என்னைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி,
படம் பிடிக்க நின்ற அப்பாவைத் தாண்டி
நேரே உஷியாவிடம்
நீளமாக ஏதோ கேட்டாள்.

சனிக்கிழமை வகுப்பில் உஷியா கற்றது
வணக்கம், நன்றி, பத்துவரை எண்.
அவள் கையைத் தூக்கினாள்.
முழங்கை மடியாமல், விரல் நடுங்காமல்,
பாலத்தின் பக்கம் காட்டினாள்.
அந்தப் பெண் தலையசைத்து
அதே பக்கம் போய்விட்டாள்.

"என்ன கேட்டாங்க?"
"தெரியாது."
"அப்புறம் ஏன் காட்டினே?"
"என்னைத்தானே கேட்டாங்க."

நள்ளிரவில் என்னை எழுப்பினாள்.
ஏசி உறுமுகிறது. இருட்டு.
"அந்த ஃபேன் யாருக்கா இருக்கும்?
இந்தப் புழுக்கத்துல யாராவது
அதுக்காக உக்காந்திருந்தா?"
அவ்வளவுதான், உடைந்துபோனாள்.
தூணருகில் வராதது எல்லாம்
ஒரு மின்விசிறிக்காக வந்தது.
அம்மாவை எழுப்பவா என்றேன்.
வேண்டாம் என்று என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள்.

மறுநாள் பார்க்கவேண்டிய கோபுரத்தைப் பார்க்கவில்லை.
அவள் முன்னால், நாங்கள் பின்னால்,
நேற்று அவள் விரல் காட்டிய தெருவில் போனோம்.
பாலம். டயர் கடைகள். மருத்துவமனைச் சுவர்.
கற்பூர மரங்களின் கீழே
சட்டையை மார்புவரை சுருட்டிச் சீட்டாடும் ஆண்கள்.
பிறகு தெரு இரண்டாகப் பிரிந்தது.
அங்கேயே நின்றோம்.
ஸ்கூட்டர்கள் போயின, நூறு, இருநூறு.
ஒன்றிலும் அவள் இல்லை.

தாவ் அம்மையாரிடம் உஷியா
ஒரே ஒரு வாக்கியம் கற்றுத் தரச் சொன்னாள்.
'நான் இங்கேதான் பிறந்தேன்' என்பதாக இருக்கும் என்று
அம்மா என் கையை அழுத்தினாள்.
அது இல்லை.
"மன்னிக்கணும், எனக்கும் வழி தெரியாது."
ஓட்டல்வரை, விமான நிலையம்வரை
ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.
எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஃபெரோலில் எல்லாத் தெருவும் அவளுக்கு அத்துப்படி.
துறைமுகத்துக்குக் குறுக்குவழி,
நாய் கடிக்கும் சந்து,
மழை ஒழுகாத பேருந்து நிழற்குடை.
சுற்றுலா வருகிறவர்கள்
அவளைத் தாண்டி வந்து
என்னிடம் கேட்கிறார்கள்.