மீதி ரசம்

முதலாம் ஞாயிறுகளில் நான்தான் கிண்ணம் நிரப்புவது.
விரலுயரக் கண்ணாடிக் கிண்ணங்கள், நாற்பத்தியொன்று.
இண்டைக்கு நாற்பத்திரண்டு வையுங்கோ அக்கா எண்டு
கோயிற்பிள்ளை வந்து சொல்லிப்போனான்.

நாற்பத்திரண்டாவது வினாசித்தம்பிக்கு.
போன கிழமை தலையில் தண்ணீர் வார்த்து
பவுல் என்று பேர் வைத்தார்கள்.
சாட்சி சொல்லும்போது அழுதார்.
தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில்
பெரியகல்லாற்றுச் சந்தை வளவில், ஜீப்புக்குள்,
இரண்டு ஓட்டை போட்ட உரப்பைக்குள் இருந்தது
என்ர தலைதான் என்றார்.
எத்தனை தரம் ஆட்டினேன் என்று எண்ணவில்லை என்றார்.

நான் எண்ணினேன்.
வரிசையில் பதினேழாவது
என் மார்க்கண்டு.

அவர் கோயிலுக்குள் வந்ததே இல்லை.
அவருக்குப் பேச்சியம்மன் போதும்.
ஞாயிறுதோறும் என்னைப் பைசிக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு
பூவரசுக்குக் கீழே நிற்பார்.
மழை தூறினால் எல்லாருடைய செருப்பையும்
விறாந்தையில் எடுத்து வைப்பார்.
கடைசி ஆமென் கேட்டதும்
பீடியை அணைப்பார்.

போதகர் திராட்சத் தோட்டத்தைப் பிரசங்கித்தார்.
விடியவே வந்தவனுக்கும் அந்திக்கு வந்தவனுக்கும்
ஒரே கூலி.

நான் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டினவள் ஐயா,
பனியோடு வயலில் இறங்கி
இருட்டில் சுணை கழுவினவள்.
ஒரு போடியார் அப்படிக் கூலி கொடுத்தால்
முணுமுணுப்போம், மறுகா விட்டுவிடுவோம்.
அந்திக்கு வந்தவன் வீட்டிலும் உலை கொதிக்கவேணும்தானே.
என் வழக்கு அதில்லை.

அந்திக்கு வந்தவன்
மத்தியானம் வரப்பில் ஒருவனை வெட்டிப்போட்டு
அதே கத்தியோடு கூலிக்கு நின்றால்?
வெட்டுண்டவனுக்கு என்ன கூலி?
அவன் வேலிக்கு வெளியே நின்றவன்,
இடாப்பில் பேர் இல்லாதவன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளம் ஆள்.
தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.
கிருபை என்றார். கேட்கிறவனுக்குக் கிடைப்பது என்றார்.
கடைசி நிமிஷத்தில் உங்கள் கணவரும் கேட்டிருக்கலாம்,
அவருக்கு நேரம் இருந்ததோ இல்லையோ
யாருக்குத் தெரியும் என்றார்.

அந்த நேரத்தை எடுத்தவர்
இரண்டாம் வாங்கில் இருக்கிறார் என்றேன்.

தேவன் மன்னிக்கட்டும். அது அவருடைய பணம்.
என் கொப்பியில் இருந்த கடனை
என்னைக் கேளாமல் எப்படி வெட்டினார்?

போதகரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
மீதி ரசத்தை மண்ணில் ஊற்றவேண்டும், அது ஒழுங்கு.
எந்த மண் என்று ஒழுங்கில் இல்லை.
முப்பத்துநாலு வருஷமாய்ப் பூவரசடியில் ஊற்றுகிறேன்.
போத்தலைச் சரிக்கும்போதே
ஒரு வாய் கூடச் சரிப்பேன்.

வினாசித்தம்பி கிராதியில் முழங்காலிட்டார்.
தட்டைப் பிடித்திருந்தது நான்.
அப்பத்தைத் தின்றார். கிண்ணத்தை எடுத்தார்.
நகத்தில் சுண்ணாம்புக் கறை, கிழட்டுக் கை, நடுக்கம்.
பருகுங்கள் என்று போதகர் சொன்னார்.
பக்கத்தில் எல்லாரும் பருகினார்கள்.
அவர் என்னைப் பார்த்தார்,
முதல்தரம், உரப்பை இல்லாமல்.
மறுகா கிண்ணத்தை
ஒரு துளி குறையாமல் என் தட்டில் திருப்பி வைத்தார்.
எழும்பிப் போனார்,
கழுத்து விறைத்தபடி,
தலை ஆடிவிடக்கூடாது என்பதுபோல.

மற்ற மீதியெல்லாம் பூவரசடியில் ஊற்றியாயிற்று.
இந்த ஒரு கிண்ணம் மட்டும் கையில்.
இதையும் அங்கேயே ஊற்றவா?
மார்க்கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ,
செருப்பு எடுத்து வைத்ததுபோல
இதையும் வாங்கி ஓரமாய் வைப்பாரோ.
பின்னால் ஓடிப்போய்
குடியுமன் என்று வினாசித்தம்பிக்குச் சொல்ல
என் கால் வராது.

வெஸ்ட்ரி யன்னலில் வைத்தேன்.
நாற்பத்தியொன்றைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
வந்து பார்க்க
விளிம்பில் எறும்பு.
ஊதித் தள்ளவில்லை.
பூட்டுக்காரன் கேட்டால்
இன்னும் வேலை முடியவில்லை என்பேன்.