இருப்புப் பதிவேடு

குஞ்சிதபாதம் என்று பெயர். தூக்கிய திருவடி.
கால்பந்துக் கோச்சுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று
சேர்ந்த அன்றே சிரித்தாராம் முதல்வர்.
இருபத்தேழு வருஷம்.
மண்டலக் கோப்பை ஒன்றுமில்லை.

சீர்காழிக்குத் தெற்கே எங்கள் மைதானம்
ஐப்பசியில் குளம், தையில் நெல் காயும் களம்.
மீதி மாதங்களில்தான் நாங்கள்.
கோல் வலை பழையாற்றில் கழித்துப்போட்டது,
வெயில் ஏறினால் அந்தப் பக்கமெல்லாம்
கருவாட்டு வாசம்.

சென்னையில் ஒரு பெரிய கல்லூரி கூப்பிட்டது.
பச்சைப் புல், இரட்டைச் சம்பளம்.
போய்ப் பார்த்துவிட்டு இரவு ரயிலில் திரும்பிவிட்டார்.
"அங்க பசங்களுக்கு எல்லாம் தெரியுதுடா,
நான் போய் என்ன பண்ண?"
பொய்யா, இன்றுவரை தெரியாது.

தோற்றால் திட்டமாட்டார்.
பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து
நோட்டில் எழுதுவார்,
யார் யார் காலையில் சாப்பிடாமல் வந்தது என்று.

ஓய்வுபெறும் நாளில் இருப்பைச் சரிபார்த்தார்கள்.
பம்பு ஒன்று, சரி.
விசில் அவருடைய சொந்தம்.
பந்து ஆறு இருக்கவேண்டும், ஐந்துதான்.
தணிக்கைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.
சார் பர்ஸை எடுத்தார்.

அந்தப் பந்து
மயிலாடுதுறை அரையிறுதி, கடைசி நிமிஷம், பெனால்டி.
நான் அடித்தது.
கம்பத்துக்கு மேலே, மதிலுக்கு மேலே, காவிரிக்குள்.
ஆடிப் புதுத்தண்ணீர்
நுங்கும் நுரையுமாக அதைக் கிழக்கே கொண்டுபோனதை
மதில்மேல் ஏறிப்
பதினோரு பேரும் பார்த்தோம்.
அவரும் ஏறினார்.
"நல்ல வேகம்டா" என்றார், பந்தையா தண்ணீரையா.

நானூற்று எண்பது ரூபாய். ரசீது போட்டார்கள்.
பின்வரிசையில் நின்றிருந்தேன்.
எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.