நான்கு வளையங்கள், திருகுகள், இன்ன பிற

நவம்பரில் கூஹ்மோவில் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.
மேசைமேல் செய்தித்தாள் விரித்துக்
காப்பி டப்பாவைக் கவிழ்த்தேன்.
கொட்டிய சத்தத்தில் நாய் எழுந்து
வேட்டைக்கோ என்று முகம் பார்த்து
இல்லையென்று தெரிந்து படுத்துக்கொண்டது.

துப்பாக்கி முதுகில் தொலைநோக்கியைப் பூட்டுகிற சாமான்கள்.
பூட்டியதுபோக மீந்தவை.
முப்பது மில்லிமீட்டர் வளையம் ஒரு ஜோடி
(என் குழலுக்கு வேண்டியது இருபத்தைந்து).
துப்பாக்கியோடு சும்மா வந்த ஜோடி,
சும்மா வந்ததாலேயே நான் நம்பாதது.
எந்தத் துப்பாக்கிக்கென்று எனக்கே மறந்துபோன
ஓர் அடித்தட்டு.
நட்சத்திர முனைச் சாவிகள் ஒன்பது;
தேடுகிற அன்று ஒன்றும் அகப்படாது.
தலை தேய்ந்த திருகுகள், தேயாத திருகுகள்,
நீலப் பசை காய்ந்து புரியிடுக்கில்
ஊத்தைபோல் ஒட்டியிருக்கும் திருகுகள்.

இதோ, இது மட்டும் தனி.
மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை.
இரண்டே புரியில் பிடித்துக்கொண்டு
இறுகிவிட்டதாக என்னிடம் நடித்தது.
ஏரிக்கரையில் நாற்பது தப்படியில் நின்றது மூஸ்.
நான் சுட்டது பிர்ச் மரத்தை.
மூஸ் என்னைப் பார்த்தது, மரத்தைப் பார்த்தது,
பிறகு அவசரமில்லாமல் சதுப்புக்குள் நடந்தது.
வேட்டைச் சங்கத்தில் அந்த மூஸுக்கு
இன்றுவரை கௌகோ என்றுதான் பேர்.
என் பேர்.

என்னதான் செய்வது இவற்றை?
துரும்பென்றால் பல் குத்தவாவது ஆகும்,
இந்த இரும்பை?
விற்கலாம்; தபால்செலவு விலையைத் தாண்டும்.
வலைக்குக் குண்டாகக் கட்டிப் பார்த்தேன்,
பாதி அலுமினியம்,
ஏரி அதை எடுத்துக்கொள்ளவே யோசித்தது.
சாவுனா அறையில் துண்டு மாட்டக் கொக்கியாக்கினேன்;
சூடேறிய வளையம்
மருமகன் தோளில் ஒரு பிறை வரைந்தது.
அவன் அதன்பிறகு கிறிஸ்துமஸுக்குத்தான் வருகிறான்.
பழைய உலோகக் கிடங்கில் கொடுக்கலாமென்றால்
எஃகு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்று
அங்கே ஒருவன் நிற்கிறான்,
அவனும் சங்கத்து ஆள்.
'கௌகோ, இதில் எது அந்தத் திருகு?' என்பான்.

கதவைத் தட்டாமல் வந்தாள் வுவொக்கோ,
பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, அடுத்த வீடு.
கடைக்குப் போய்வந்த உதைச்சறுக்கு வண்டி வாசலில்.
திருப்பத்தில் மரலாரிக்காரன் அவளைப் பார்க்கவேயில்லையாம்,
பனிமேட்டில் விழுந்து தப்பினாளாம்.
முட்டை ஆறு உடைந்ததை முதலில் சொன்னாள்,
உயிர் தப்பியதை அப்புறம்.

சொல்லிக்கொண்டே மேசையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து
ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றினாள்.
'என்ன அளவு?'
'இருபத்தைந்து.'
வெளியே போய்க் கைப்பிடிக் கம்பியில் வைத்துப் பார்த்துவந்தாள்.
என் அலமாரியைத் திறந்து, கேட்காமல்,
என் டார்ச்சை எடுத்தாள்.
ஒரு வளையம் கம்பிக்கு, ஒரு வளையம் டார்ச்சுக்கு,
நடுவில் பேர் தெரியாத அந்த அடித்தட்டு,
ஒன்றுக்கொன்று குறுக்காக.
துளை ஒத்துவராத இடத்தில் என் துரப்பணம்.
ஒன்பது சாவியில் எட்டாவது சேர்ந்தது.

நானும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று
குட்டைத் திருகை நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
'இதைத் தூக்கி எறி' என்றாள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன்.
எட்டிய தூரத்தை இழுத்துக் காட்டுவதற்கென்றே வார்த்த வளையம்
அவள் காலடிக்கு முன்னே நாலு முழம் பனியைக் காட்டியபடி போனது.
வெளிச்சம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
சாய்வைப் பற்றி நான் சொல்வதா?

மிச்சத்தை வாரி டப்பாவில் போட்டேன்.
குறைந்தமாதிரியே இல்லை.
கடைசியாகக் குட்டைத் திருகு செய்தித்தாள் மடிப்பில் கிடந்தது,
ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதையும் போட்டு
மூடியை அழுத்தி மூடினேன்.